நாற்காலி எந்தப் பக்கம்?

லீக்கில் ஆள் மாற்றிக்கொள்ள அன்றுதான் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணியோடு சரி. அதற்குப் பிறகு எந்த டீமும் ஒரு ஆளை வாங்கவும் முடியாது, விடவும் முடியாது. இருக்கிறவனைக் கட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டியதுதான்.

சண்முகையா அண்ணாச்சி காலையில் இட்லித் தட்டைப் பாதியிலேயே தள்ளி வைத்துவிட்டார்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஹாக்கி கிளப்புக்கு அவர் கோச். வயசுக் காலத்தில் கோல் கீப்பராக நின்றவர். கோல் கீப்பருக்குக் கால் பாதி, வாய் பாதி. பின்னால் நின்றுகொண்டே முன்னால் ஓடுகிற பத்துப் பேரையும் சத்தம் போட்டு மேய்க்க வேண்டும். அண்ணாச்சி சத்தம் போட்டால் ரயில்வே கேட்டில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான் என்பார்கள். காலில் கட்டிய பேடுகளைக் கழற்றி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வாயை மட்டும் அவர் இன்னும் கழற்றி வைக்கவில்லை.

அவருடைய டீம் லீக்கில் முதல் இடத்தில் இருந்தது. இருந்து என்ன செய்ய? போன வருஷமும் இப்படித்தான் இருந்தது. ஃபைனலில் இடைவேளை வரைக்கும் முன்னால் நிற்பார்கள். இடைவேளைக்கு அப்புறம் எல்லாவற்றையும் எதிராளிக்கு வாரிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவார்கள்.

"அண்ணாச்சி, இந்தத் தடவையும் கப் வரலைன்னா உங்க நாற்காலியில வேற ஆளை உட்கார வைக்கிறதைத் தவிர வழியில்ல" என்று கிளப் தலைவர் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அண்ணாச்சி நேரே ஜெபக்கனி டீச்சரைத் தேடிப் போனார்.

ஜெபக்கனி பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அண்ணாச்சியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு இளையவர். ஆனால் கோச் வேலைக்கு வந்த புதிதில், கோல் கம்பத்தைத் தவிர மைதானத்தில் வேறொன்றும் தெரியாமல் முழித்த அண்ணாச்சிக்கு, மைதானம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தது அந்த அம்மாதான். ஊருக்கெல்லாம் அண்ணாச்சி, அந்த டீச்சருக்கு முன்னால் மட்டும் ஸ்டூடண்ட். அதில் அவருக்குக் கூச்சம் கிடையாது.

டீச்சர் மைதானத்தில் குனிந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒரு ஆள் வேணும்."

"கோடு போடவா?"

"விளையாடாதீங்க டீச்சர். ஃபார்வர்டுல ஒரு ஆள். எங்க போட்டாலும் ஆடுற ஆள்."

"கிடைச்சிருக்கா?"

"கிடைச்சிருக்கான். பெவின்னு பேரு. லீக்ல கடைசியில கிடக்கிற டீம்ல ஆடுதான். அவங்களுக்கு இனி கப்பும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அதனால பையனை விடுதோம்ங்காங்க. லெஃப்ட்ல போட்டாலும் ஆடுவான், ரைட்ல போட்டாலும் ஆடுவான். நடுவுல நிறுத்தினா அங்கயும் ஆடுவான்."

"சும்மாவா விடுதாங்க?"

அண்ணாச்சி காலால் மண்ணைக் கீறினார்.

"தங்கமாரியைக் கேக்காங்க."

டீச்சரின் கை நின்றது. தூள் ஒரே இடத்தில் கொட்டிக் குவிந்தது.

தங்கமாரி அண்ணாச்சி டீமின் லெஃப்ட் அவுட். அதாவது இடது ஓரத்தில் ஓடுகிறவன். ஹாக்கி ஸ்டிக்குக்கு ஒரு பக்கம்தான் தட்டை. அந்தத் தட்டையை வைத்துக்கொண்டு இடது ஓரத்தில் ஓடிப் பந்தை உள்ளே கொண்டுவருவது லேசுப்பட்ட வேலை இல்லை. அதனால் அந்த இடத்துக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. தங்கமாரிக்கு அந்த இடம்தான் தெரியும். வேறு எங்கே போட்டாலும் சந்தையில் காணாமல் போன பிள்ளை மாதிரி நிற்பான். அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து அண்ணாச்சியிடமே வளர்ந்தவன். வேறு கிளப் ஜெர்சியை இதுவரை தொட்டதுகூட இல்லை.

"தங்கமாரிக்கு என்ன குறை?"

"அரை மேட்ச் ஆளு டீச்சர் அவன். இடைவேளை வரைக்கும் புலி. அப்புறம் ஆளைத் தேடணும். வேலியோரமா நட்ட கல்லு மாதிரி நிப்பான்."

"ரைட் அவுட் சேவியர்?"

"அவன் நேர் மாறு. இடைவேளை வரைக்கும் தூங்குவான். அதுக்கு அப்புறம்தான் கண்ணு முழிப்பான். ஆனா பந்தை உள்ள அடிச்சு முடிக்கிற கை தங்கமாரிக்குத்தான் உண்டு. சேவியருக்குக் கிடையாது. அதான் பின்பாதியில கோட்டை விடுதோம்."

"அதனால?"

"அதனாலதான் பெவினை வாங்கணும்ங்கேன். முதல் பாதியில லெஃப்ட்ல போடுவேன். இடைவேளை முடிஞ்சதும் ரைட்டுக்கு மாத்திருவேன். ரெண்டு பக்கமும் ஒருத்தனே ஆடிட்டான்னா அப்புறம் நம்மள அடிக்க இந்த லீக்ல ஆள் ஏது?"

சொல்லி முடித்ததும் அண்ணாச்சிக்கே உச்சி குளிர்ந்துவிட்டது. ராத்திரி பூரா புரண்டு புரண்டு யோசித்துக் கண்டுபிடித்த கணக்கு அது.

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமா அண்ணாச்சி, ஒரே பக்கமா?"

"ரெண்டு பக்கம்தான் டீச்சர். லெஃப்ட் ஒண்ணு, ரைட் ஒண்ணு."

"சரி."

"என்ன சரி? மாத்தலாமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க."

"லீக் மேட்சுக்கு விசில் ஊதுறவ நான். ஒரு டீமுக்கு உட்கார்ந்து யோசனை சொன்னா அது அம்பயருக்கு அழகா?"

"கோச்சா நான் கேக்கல. ஸ்டூடண்ட்டா கேக்கேன்."

டீச்சர் கையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஸ்டூடண்ட்னா கேள்வி கேக்காம சொன்னதைச் செய்யணும்."

"செய்யுதேன்."

"சாயங்காலம் நாலு மணிக்கு உங்க பசங்களை ரெண்டாப் பிரிச்சு ஒரு ஆட்டம் வைங்க. நான் ஊதுதேன். மறக்காம உங்க நாற்காலியைக் கொண்டு வாங்க."

அண்ணாச்சிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

மத்தியானம் தலைவர் போனில் கூப்பிட்டார். கிளப் செயலாளர் லீக் ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாராம். பெவின் பக்கத்துக் கையெழுத்தெல்லாம் முடிந்ததாம். இவர்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"அஞ்சு மணிக்குள்ள செயலாளர் உங்களைக் கூப்பிடுவார். உங்க வாயால 'சரி'ன்னு ஒரு வார்த்தை வரணும் அண்ணாச்சி. வந்தா மாத்துவோம். வரலைன்னா விட்டுருவோம். நாளைக்குத் தோத்துட்டு, நீங்க கொடுத்த ஆளு சரியில்லன்னு என்னையச் சொல்லக் கூடாது பாருங்க."

"சொல்லிருதேன்" என்றார் அண்ணாச்சி.

நாலு மணிக்குப் பையன்கள் வந்தார்கள். தங்கமாரி எல்லோருக்கும் கடைசியாக வந்தான். கையில் ஸ்டிக் பை மட்டும் இல்லை, கிளப் அறையில் அவன் போட்டுவைத்திருந்த பழைய ஷூ, துண்டு எல்லாம் இன்னொரு பையில் இருந்தது. விஷயம் காதுக்குப் போய்விட்டது என்று அண்ணாச்சிக்குப் புரிந்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நாற்காலியின் காலைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

"சார், இன்னைக்கு ஒரு ஆட்டம் நான் ஆடலாம்லா?"

"இது என்னல கேள்வி? போய் ஆடு."

குரல் வழக்கத்துக்கு மேல் எகிறிவிட்டது. தங்கமாரி தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

லீக் மேட்ச் எல்லாம் நடக்கிற அந்த மைதானத்துக்கு ஒரு ஓரம் பள்ளிக்கூடச் சுவர், எதிர் ஓரம் முள்வேலி; ஒரு கோலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி, மறு கோலுக்குப் பின்னால் பள்ளிக்கூட கேட். சுவர் ஓரத்தில் சாயங்காலம் நல்ல நிழல் விழும். அண்ணாச்சியின் நீல பிளாஸ்டிக் நாற்காலி எப்போதும் அங்கேதான். எந்த மேட்சாக இருந்தாலும் அவர் டீம் உட்கார்வது அந்தப் பக்கம்தான், முதல் பாதியில் ஏறுவது தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துத்தான் என்று ஊருக்கே தெரியும்.

ஆட்டம் தொடங்கியது. டீமின் முதல் பதினொரு பேர் ஒரு கட்சி. மிச்சப் பேரும் பள்ளிக்கூடத்துப் பெரிய பையன்களும் எதிர்க்கட்சி. வழக்கம்போலத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து முதல் கட்சி ஏறியது. சுவர் ஓரம் அவர்களுக்கு இடது கை. தங்கமாரி அண்ணாச்சியின் மூக்குக்கு முன்னால் ஓடினான்.

"இங்க தள்ளு! இங்க! லேய், குனிஞ்சு ஆடு! விடாத, விடாத, ஏறு!"

பந்து வந்தது. மறுபடி வந்தது. தங்கமாரி சுவரோரமாகவே பிய்த்துக்கொண்டு போய் மணிக்கட்டைத் திருப்பி ஒரு அடி வைத்தான். கோல். எதிர் ஓரத்தில் சேவியர் ஸ்டிக்கை ஊன்றிக்கொண்டு வேலியில் இருந்த ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா டீச்சர், நான் சொன்னேன்லா?" என்றார் அண்ணாச்சி.

டீச்சர் இடைவேளை விசில் ஊதினார்.

பக்கம் மாற்றினார்கள். இப்போது முதல் கட்சி பள்ளிக்கூட கேட்டைப் பார்த்து ஏற வேண்டும். தங்கமாரியின் இடது ஓரம் முள்வேலிப் பக்கம் போய்விட்டது. சேவியர் சுவர்ப் பக்கம் வந்தான்.

டீச்சர் வந்து நாற்காலியைத் தூக்கினார். மைதானத்தின் குறுக்கே நடந்துபோய் முள்வேலியோரம் வைத்தார்.

"இங்க வந்து உட்காருங்க."

"வெயில் மூஞ்சியில அடிக்குதே டீச்சர்!"

"ஸ்டூடண்ட்தானே?"

அண்ணாச்சி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனே தொண்டை தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

"இங்க பாரு! இங்க தள்ளு! ஏறுல, ஏறு!"

பந்து வேலியோரம் வந்தது. தங்கமாரி அதை வாங்கி ஒருத்தனைக் கடந்தான், இன்னொருத்தனைக் கடந்தான். பந்து போய்விட்டுத் திரும்பவும் அவனிடமே வந்தது. இடைவேளைக்கு அப்புறம் காணாமல் போகிற தங்கமாரி அன்றைக்குக் காணாமல் போகவே இல்லை. கோல் கீப்பரின் காலுக்கு அடியில் தட்டிவிட்டு இன்னொரு கோலும் போட்டான்.

அண்ணாச்சி நாற்காலியை விட்டுத் துள்ளினார். துள்ளிய வேகத்தில் கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

"பாருங்க டீச்சர், பாருங்க! தன்னைய வெளிய அனுப்பப் போறாங்கன்னு தெரிஞ்சதும் பய என்னமா ஆடுதான்! அப்ப இத்தனை வருஷமும் பின்பாதியில என்னை ஏமாத்திருக்கான். சோறு போட்ட கையை ஏமாத்திருக்கான். இவனுக்காகவா நான் காலையில இருந்து மனசு கிடந்து தவிச்சேன்? செயலாளர் கூப்பிடட்டும். கண்ணை மூடிக்கிட்டுச் சரின்னு சொல்லிருதேன்."

டீச்சர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். பையன்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் வந்தார்.

"வாயைத் திறங்க."

"எதுக்கு?"

"ஸ்டூடண்ட்."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். டீச்சர் கன்னம் இரண்டும் புடைக்கிற அளவுக்குத் தண்ணீரை ஊற்றினார்.

"முழுங்கக் கூடாது. துப்பக் கூடாது. நான் கடைசி விசில் ஊதுற வரைக்கும்."

ஆட்டம் மறுபடி தொடங்கியது.

மைதானத்தில் அப்படி ஒரு அமைதியைப் பையன்கள் கேட்டதே இல்லை. நடுவில் ஆடுகிற பையன் பந்தை வாங்கிவிட்டு, எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் வேலியோரத்தைப் பார்த்தான். சத்தம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அண்ணாச்சி கன்னத்தை உப்பிக்கொண்டு பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். அதற்குள் எதிர்க்கட்சிக்காரன் பந்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டான்.

அண்ணாச்சி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். 'அட மடப்பயலே, தள்ளுல' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தண்ணீர் விடவில்லை.

கத்த முடியாதவருக்குப் பார்ப்பதைத் தவிர என்ன வேலை இருக்கிறது? எதிர் ஓரத்தைப் பார்த்தார். அங்கே சுவரோரமாகச் சேவியர் நின்றுகொண்டிருந்தான். இடைவேளைக்கு அப்புறம் கண் முழிக்கிற சேவியர் இன்று இன்னும் முழிக்கவில்லை. ஸ்டிக்கை ஊன்றிக்கொண்டு நட்ட கல் மாதிரி நின்றான்.

இந்த நிற்பை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அண்ணாச்சிக்குத் தோன்றியது. போன வருஷ ஃபைனல். இதே வேலியோரம். இதே மாதிரிதான் தங்கமாரி நின்றான். அன்றைக்கு அண்ணாச்சி சுவரோர நிழலில் உட்கார்ந்துகொண்டு, "இங்க தள்ளு, இங்க தள்ளு" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

அவர் சுவரைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். முதல் பாதிக்கு லெஃப்ட். இடைவேளைக்கு அப்புறம் ரைட். பக்கம் மாற்றிய பிறகு இரண்டும் ஒரே சுவர்தான். அவர் நாற்காலி கிடக்கிற சுவர்.

அடப்பாவி, எங்கே போட்டாலும் ஆடுகிற ஆளையா கேட்டேன்? என் காலடியிலேயே ஓடிக்கொண்டிருக்கிற ஆளை அல்லவா கேட்டிருக்கிறேன்?

பத்துப் பேரும் அவர் சத்தம் வருகிற பக்கமே பந்தைத் தள்ளியிருக்கிறார்கள். அவர் மேல் இருந்த பயமோ, அவர் பார்க்க ஆட வேண்டும் என்ற ஆசையோ. வருஷக்கணக்காக ஒருத்தன் வேலியோரம் பந்துக்குக் காத்து நின்றிருக்கிறான். ஒரு தடவைகூட வாயைத் திறந்து 'பந்து வரல சார்' என்று சொன்னதில்லை. அவனைப் போய் ஏமாற்றுக்காரன் என்று சொன்னோமே என்று நினைத்தபோது அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது.

செயலாளர்.

எடுக்க வேண்டும். துப்பிவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். சரி என்றால் பெவின் வருவான், தலைவர் முகம் மலரும், கப் வராவிட்டாலும் 'நாமளும் சேர்ந்து வாங்கின ஆள்தானே' என்று தலைவரும் கொஞ்சம் பொறுப்பார். வேண்டாம் என்று விட்டால் அப்புறம் நடப்பதெல்லாம் தன் தலையில்தான். நாற்காலி போகும். ஹாக்கியை விட்டால் அண்ணாச்சிக்கு வேறு என்ன தெரியும்?

டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவர் பக்கமே திரும்பவில்லை. பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

மைதானத்தில் நடுப்பையன் மறுபடி பந்தை வாங்கினான். வேலியைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி மைதானத்தைப் பார்த்தான். சுவரோரம் சேவியர் தனியாக நிற்பது அவன் கண்ணில் பட்டது. தள்ளினான். சேவியர் தூக்கிவாரிப் போட்ட மாதிரி திடுக்கிட்டு ஓடினான். ஓடிப் போய், யாரும் சொல்லாமலே, குறுக்கே ஒரு நீளமான தள்ளு. பந்து கோலுக்கு முன்னால் உருண்டு வந்தது. இடது ஓரத்திலிருந்து தங்கமாரி பாய்ந்து வந்து தட்டினான்.

பையன்கள் ஓவென்று கத்தினார்கள். அண்ணாச்சியின் மோவாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வழிந்தது. மிச்சத்தை அவர் விடவில்லை. போன் பைக்குள் அடித்துக்கொண்டே இருந்து தானாக நின்றது.

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் மில் சங்கு ஊதியது. மணி ஐந்து.

டீச்சர் கடைசி விசிலை ஊதினார். அண்ணாச்சி தண்ணீரை மடக் மடக்கென்று விழுங்கினார்.

தங்கமாரி இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். முகமெல்லாம் வேர்வை.

"சார், நான் அந்த ஊருக்கு எப்ப போகணும்?"

"எந்த ஊருக்குல? கொண்டுபோய்ப் பையை உள்ள வை."

அவன் நம்பாமல் நின்றான். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது.

"இன்னைக்கு பின்பாதியிலயும் பந்து வந்துச்சு சார்."

அண்ணாச்சி அவன் தோளைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினார். அவன் போன பிறகும் அவர் கை அந்தரத்திலேயே நின்றது.

டீச்சர் கோல் கம்பத்தின் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி பக்கத்தில் போய் நின்றார்.

"தலைவர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"என்ன சொல்ல? வாயில தண்ணி இருந்துச்சு, பேச முடியலன்னு சொல்லுவேன்."

"நம்புவாரா?"

"நம்பாட்டிப் போறார். இந்த வருஷம் இந்தப் பசங்களை வச்சுத்தான் ஆடணும்."

டீச்சர் வலையை மடித்தார். அண்ணாச்சி மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை செமிஃபைனல். நாற்காலியை எந்தப் பக்கம் போடட்டும்? முதல் பாதிக்குச் சுவர்ப் பக்கம், இடைவேளைக்கு அப்புறம் வேலிப் பக்கம்னு வச்சுக்கிட்டா தங்கமாரி முழு மேட்சும் ஆடிருவான்லா?"

"அப்ப சேவியர்?"

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

"அதுவும் சரிதான். அப்ப எந்தப் பக்கம்தான் போட?"

"எங்க போட்டாலும் ஆடுற ஆள் வேணும்னுதானே காலையில வந்தீங்க?"

"ஆமா டீச்சர்."

"எங்க போட்டாலும் சும்மா உட்கார்ற ஆள் ஒருத்தர் கிடைச்சா, நாற்காலியை எந்தப் பக்கம் வேணாலும் போடலாம் அண்ணாச்சி."

அண்ணாச்சி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்புறம் மூடிக்கொண்டார்.